விரைந்து வெல்வது எப்படி? – சிவிலைசேஷன் 6 பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

சுற்றுமுறைக் கணினி ஆட்டங்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு கேட்டிருந்தோம். வந்தவற்றில் பெரும்பகுதி பெங்களூர் வாசகர்களுடையவை. அவற்றிலும் பெரும்பாலானவை, ஒரு நாகரிகத்தைப் பழங்காலத்திலிருந்து விண்வெளிக் காலம்வரை வளர்க்கும் சிவிலைசேஷன் 6 பற்றியவை. வெற்றி கிடைக்கிறது, ஆனால் மிகவும் தாமதமாகக் கிடைக்கிறது என்ற ஒரே குறையையே பலரும் பல விதமாக எழுதியிருக்கிறார்கள். கீழே உள்ள எண்கள் யாவும் 2019இல் வந்த கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்தையும், ஸ்டாண்டர்டு வேகத்தையும் அடிப்படையாகக் கொண்டவை.

கேள்வி: பிரின்ஸ் என்னும் நடுத்தரக் கடினநிலையில் ஆடுகிறேன். விண்கலம் அனுப்பிப் பெறும் அறிவியல் வெற்றி கிடைத்துவிடுகிறது. ஆனால் 380ஆம் சுற்றுக்கு முன்னால் ஒருமுறையும் முடிந்ததில்லை. என்னுடன் பணிபுரியும் நண்பர் 250க்குள் முடிக்கிறார். 100ஆம் சுற்றில் எனக்கு நான்கு நல்ல நகரங்களும் இரண்டு உலக அதிசயக் கட்டடங்களும் இருக்கின்றன. ஆட்டத்தின் பிற்பகுதியில் நான் எதைக் கோட்டைவிடுகிறேன்?
– மென்பொருள் பொறியாளர், ஒயிட்ஃபீல்டு

பிற்பகுதியில் நீங்கள் பெரிதாக எதையும் இழக்கவில்லை. உங்கள் சுற்றுகள் கரைந்து போகும் இடத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: 100ஆம் சுற்றில் நான்கே நகரங்கள். ஆடிப் பட்டம் தேடி விதைக்காதவர் தை மாதத்தில் எவ்வளவு உழைத்தாலும் அந்த விளைச்சலை எட்ட முடியாது. இந்த ஆட்டத்திலும் முதல் நூறு சுற்றுகளில் எத்தனை நகரங்கள் எழுந்தன என்பதே கடைசிச் சுற்று எப்போது வரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

இதற்குக் காரணம் ஆட்டத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. கேம்பஸ் என்னும் அறிவியல் டிஸ்ட்ரிக்டை (தனிக் கட்டத்தில் எழுப்பும் சிறப்புப் பகுதியை) ஒரு நகரத்தில் ஒன்றுதான் கட்ட முடியும். நூலகம், பல்கலைக்கழகம், ஆய்வுக்கூடம் ஆகியவையும் அப்படியே. எனவே, மக்கள்தொகை 20 உள்ள ஒரு பெருநகரத்தைவிட, மக்கள்தொகை ஏழு உள்ள மூன்று சிற்றூர்கள் அதிக அறிவியல் புள்ளிகளைத் தந்துவிடும். சிவிலைசேஷன் 5இல் பழகியவர்களுக்கு இது எளிதில் மனத்தில் பதிவதில்லை. அதன் பிரேவ் நியூ வேர்ல்டு விரிவாக்கத்தில் ஒவ்வொரு புதிய நகரமும் தொழில்நுட்பங்களின் விலையை 5 சதவீதம் உயர்த்தியது; ஆகவே நான்கு நகரங்களோடு நின்றுகொள்வது அங்கே சிறந்த உத்தியாக இருந்தது. ஆறாம் பதிப்பில் அந்தத் தண்டனை கிடையாது. புதிய நகரம் அமைக்கும் செட்லரின் விலை ஒவ்வொன்றுக்கும் ஏறுகிறது என்பதும், மகிழ்ச்சிப் பொருள்களைப் பங்கிட வேண்டியிருக்கிறது என்பதுமே தடைகள். இரண்டும் தாங்கக்கூடியவை. நூறாவது சுற்றுக்குள் பத்து நகரங்கள் என்பதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக்குக் குறைந்தால் விரைவான வெற்றியை எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் நகரத்தை முதல் சுற்றிலோ, மிஞ்சினால் இரண்டாம் சுற்றிலோ அமைத்துவிடுங்கள். அருகில் சமவெளிக் குன்று இருந்தால் அதன்மேல் அமைப்பது நல்லது; நகர மையத்துக்கு இரண்டு உணவோடு இரண்டு உற்பத்தியும் கிடைக்கும். முதலில் ஒரு ஸ்கவுட் (வேவு பார்ப்பவர்), அடுத்து ஒரு ஸ்லிங்கர் (கவண் வீரர்), மக்கள்தொகை இரண்டானவுடன் செட்லர் என்று வரிசை போனால், இடையில் எங்காவது பண்ணையும் சுரங்கமும் அமைக்கும் பில்டர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். மொத்த மக்கள்தொகை ஆறை எட்டும்போது ஏர்லி எம்பயர் என்னும் குடிமையியலுக்கு (பண்பாட்டுப் புள்ளிகளால் திறக்கும் சமூக முன்னேற்றத்துக்கு) ஊக்கம், அதாவது அதன் விலையில் ஒரு பகுதி, கிடைக்கிறது. அது திறந்தவுடன் காலனைசேஷன் என்னும் கொள்கை அட்டையைப் பொருத்தினால் செட்லர் தயாரிப்பு 50 சதவீதம் வேகமாகும். ஆளுநர் மேக்னஸைத் தலைநகரில் அமர்த்தி, புரொவிஷன் பதவி உயர்வையும் கொடுத்துவிட்டால், அங்கே செட்லர் உருவாகும்போது மக்கள்தொகை குறையாது. கவர்மென்ட் பிளாசா என்னும் அரசு டிஸ்ட்ரிக்டைக் கட்டி அதில் ஆன்சஸ்ட்ரல் ஹால் எழுப்பினால், அந்த நகரத்தில் செட்லர்களுக்கு இன்னொரு 50 சதவீதம் சேர்வதோடு, புதிதாக அமைக்கும் ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு பில்டர் இலவசமாகக் கிடைக்கும். இவை மூன்றும் ஒரே நேரத்தில் இயங்கும் இருபது, முப்பது சுற்றுகளில் தலைநகரம் செட்லரைத் தவிர வேறொன்றையும் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கிளாசிக்கல் யுகத்தில் பொற்காலம் வாய்த்தால் மானுமென்டாலிட்டி என்னும் அர்ப்பணிப்பைத் தேர்ந்தெடுங்கள். செட்லர்களையும் பில்டர்களையும் ஃபெய்த் என்னும் சமயப் புள்ளிகளைக் கொண்டே வாங்கலாம். விலையிலும் 30 சதவீதம் குறையும். அறிவியல் வெற்றியை நாடுபவரும் தொடக்கத்தில் ஃபெய்த் தரும் ஹோலி சைட் டிஸ்ட்ரிக்ட் ஒன்றைக் கட்டுவது வீண் செலவாகாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

நகரங்களை எவ்வளவு நெருக்கமாக அமைக்கலாம் என்ற தயக்கமும் உங்களுக்கு இருக்கலாம். இரண்டு நகர மையங்களுக்கு நடுவே மூன்று கட்டங்கள் இருந்தால் விதி அனுமதிக்கிறது. அந்தக் குறைந்த அளவிலேயே அமைக்கத் தயங்காதீர்கள். மிகச் சிறந்த இடத்தைத் தேடி செட்லர் எட்டுச் சுற்று நடப்பதைவிட, சுமாரான இடத்தில் இரண்டாம் சுற்றிலேயே ஊர் எழுவது மேல். ஒன்றை மட்டும் பாருங்கள்: நன்னீர் அருகில் இருந்தால் குடியிருப்பு அளவு 5, கடலோரம் என்றால் 3, இரண்டும் இல்லையென்றால் 2. மூன்றாவது வகை ஊர் நெடுங்காலம் தேங்கி நிற்கும். ஆனாலும் அதில் ஒரு கேம்பஸ் எழுமானால் அதுவும் பயனே.

கடைசியாக ஒன்று. டிஸ்ட்ரிக்டுகளின் விலை நீங்கள் தொழில்நுட்பத்திலும் குடிமையியலிலும் முன்னேற முன்னேற ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் ஒரு கட்டத்தில் டிஸ்ட்ரிக்டை வைத்த கணத்திலேயே அதன் விலை நிலைத்துவிடும். முதல் சிறப்பு டிஸ்ட்ரிக்டுக்கு மக்கள்தொகை ஒன்றே போதும் என்பதால், ஊர் அமைந்த சுற்றிலேயே கேம்பஸுக்கான இடத்தைக் குறித்து வைத்துவிட்டு, பிறகு மானுமென்டையோ பில்டரையோ முதலில் செய்துகொள்ளலாம். இதைச் செய்கிறவருக்கும் செய்யாதவருக்கும் 200ஆம் சுற்றில் உள்ள வேறுபாடு வியப்பூட்டும் அளவுக்குப் பெரிது.

கேள்வி: அதிசயங்கள் கட்டாமல் ஆடுவது எனக்கு உப்பில்லாத பண்டமாகத் தோன்றுகிறது. விரைவான வெற்றிக்கு அவற்றை முழுவதும் விட்டுவிட வேண்டுமா?
– இல்லத்தரசி, ஜெயநகர்

முழுவதும் விட வேண்டியதில்லை. ஆனால் முதல் எண்பது சுற்றுகளுக்கு விட்டுவிடுங்கள். அந்தக் காலத்தில் ஓர் அதிசயம் விழுங்கும் உற்பத்தியில் இரண்டு நகரங்கள் எழுந்துவிடும். மேலும், கடினமான நிலைகளில் எதிர் அரசுகள் அதை உங்களுக்கு முன்பே கட்டிவிட்டால் செலவிட்ட சுற்றுகள் திரும்பி வருவதில்லை. டிராமா அண்டு பொயட்ரி என்னும் குடிமையியலின் ஊக்கம் ஓர் அதிசயத்தைக் கட்டினால்தான் கிடைக்கும் என்பதால், மலிவான ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கட்டுவதில் தவறில்லை. அழகுக்காகக் கட்ட விரும்பினால், வெற்றிப் பாதை உறுதியான பிறகு, ஓய்வாக இருக்கும் ஒரு நகரத்தில் கட்டுங்கள்.

கேள்வி: யுரேகாக்களை (குறிப்பிட்ட செயலைச் செய்தால் ஒரு தொழில்நுட்பத்துக்குக் கிடைக்கும் ஊக்கங்களை) தேடிப் போவது நேர விரயம் என்கிறார் என் அண்ணன். ஆராய்ச்சியை நேராகச் செய்துகொண்டே போனால் போதாதா?
– கல்லூரி மாணவி, அல்சூர்

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு யுரேகாவுக்காகப் படையை வரைபடத்தின் மறுகோடிக்கு அனுப்புவது நிச்சயமாக விரயம்தான். ஆனால் ஒவ்வொரு யுரேகாவும் அந்தத் தொழில்நுட்பத்தின் விலையில் 40 சதவீதத்தைத் தந்துவிடுகிறது. குடிமையியல் ஊக்கங்களும் அவ்வாறே. ஒருவர் எல்லாவற்றையும் பெற்று மற்றவர் ஒன்றும் பெறாமல் ஆடினால், முதலாமவர் மொத்த ஆராய்ச்சியில் ஐந்தில் மூன்று பங்கை மட்டுமே தம் சொந்தப் புள்ளிகளால் செய்கிறார். இதைவிடப் பெரிய வேகம் வேறெங்கும் கிடைப்பதில்லை.

இவற்றுள் பெரும்பாலானவை எப்படியும் செய்யப்போகும் வேலைகள் என்பதுதான் நல்ல செய்தி. மூன்று நகர அரசுகளைச் சந்தித்தால் பொலிட்டிக்கல் ஃபிலாசஃபிக்கு ஊக்கம். ஒரு வணிகப் பாதையைத் தொடங்கினால் கரன்சிக்கு. மூன்று சுரங்கங்கள் வெட்டினால் அப்ரென்டிஸ்ஷிப்புக்கு. ஆறு பண்ணைகள் அமைத்தால் ஃபியூடலிசத்துக்கு. ஸ்லிங்கரைக் கொண்டு ஓர் எதிரியை வீழ்த்தினால் ஆர்ச்சரிக்கு. மூன்று வில்லாளர்கள் கைவசம் இருந்தால் மெஷினரிக்கு. தொடக்கத்திலேயே ஸ்கவுட் அனுப்புவதன் பயனும் இங்கேதான். ஒரு நகர அரசை முதலில் சந்திப்பவருக்கு ஒரு தூதர் இலவசமாகக் கிடைக்கிறார். வேறொரு நாகரிகத்தைச் சந்தித்தால் ரைட்டிங்குக்கு யுரேகா கிடைக்கிறது, கேம்பஸுக்கான கதவும் விரைவில் திறக்கிறது.

பழகிய ஆட்டக்காரர்கள் செய்யும் ஒன்றைச் சொல்கிறேன். யுரேகா வரும் என்று தெரிந்திருக்கும் தொழில்நுட்பத்தை 60 சதவீதம் வரை ஆராய்ந்துவிட்டு நிறுத்தி, வேறொன்றுக்குத் தாவுங்கள். சில சுற்றுகள் கழித்து யுரேகா வந்தவுடன் மீதி 40 தானாக நிறைந்துவிடும். அதை அறியாமல் 90 சதவீதம் ஆராய்ந்த பிறகு யுரேகா வந்தால், 30 சதவீதம் காற்றில் போய்விடுகிறது. ஃபியூடலிசத்துக்கு இதைத் தவறாமல் செய்யுங்கள். அது திறந்ததும் கிடைக்கும் செர்ஃப்டம் அட்டை, மூன்று முறை வேலை செய்யும் பில்டரை ஐந்து முறை வேலை செய்ய வைக்கிறது. பேரரசு முழுவதும் பண்ணைகளும் சுரங்கங்களும் நிரம்பும் காலம் அதுவே.

கேள்வி: ஊதா வழித்தட மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் கைபேசியில் ஆடுபவன் நான். ஆறு வகை வெற்றிகளில் எது மிகக் குறைந்த சுற்றுகளில் கைகூடும்?
– வங்கி ஊழியர், இந்திராநகர்

வரைபடத்தின் அளவே இதற்கு முதல் விடை. டூயல் வரைபடத்தில் இரண்டு அரசுகள், டைனியில் நான்கு, ஸ்மாலில் ஆறு, ஸ்டாண்டர்டில் எட்டு என்று இருக்கும். நான்கு அரசுகள் வரை உள்ள சிறு வரைபடங்களில் சமய வெற்றியும் படையெடுப்பு வெற்றியும் மற்றவற்றை மிகவும் பின்னுக்குத் தள்ளிவிடும். எட்டு அரசுகள் இரண்டு, மூன்று கண்டங்களில் பரவியிருக்கும்போது, கடல் கடந்து ஒவ்வொருவரையும் தேடிப் போக வேண்டிய அந்த இரண்டும் மெதுவாகி, அறிவியலும் பண்பாடும் முன்னுக்கு வருகின்றன.

சமய வெற்றியைப் பலர் முயன்று பார்ப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி. ஒவ்வோர் அரசிலும் பாதிக்கு மேற்பட்ட நகரங்கள் உங்கள் சமயத்தைப் பின்பற்றினால் ஆட்டம் முடிந்தது. எல்லா நகரங்களும் மாற வேண்டியதில்லை. ஆகவே ஓர் அரசுக்கு ஐந்து நகரங்கள் இருந்தால், மூன்றை மட்டும் குறிவைத்து மற்ற இரண்டையும் தொடாமல் விட்டுவிடலாம். புதிதாக ஆடுபவர்கள் தொலைவில் உள்ள ஐந்தாவது நகரத்துக்கும் சமயப் பரப்பாளரை அனுப்பிச் சுற்றுகளை இழக்கிறார்கள். சமயம் தொடங்கும் வாய்ப்பும் எல்லாருக்கும் இல்லை. நான்கு அரசுகள் உள்ள வரைபடத்தில் மூன்று சமயங்களுக்கே இடம் உண்டு என்பதால், முதல் அல்லது இரண்டாம் நகரத்தில் உடனே ஹோலி சைட் கட்டி, சமயம் தொடங்கத் தேவையான தீர்க்கதரிசிப் புள்ளிகளைச் சேர்க்கத் தொடங்குங்கள். ரஷ்யாவைத் தேர்ந்தெடுத்தால், ஹோலி சைட்டுக்குப் பதிலான அதன் லாவ்ரா பாதி விலையில் முடியும். பனிச்சமவெளியில் டான்ஸ் ஆஃப் தி அரோரா என்னும் பாந்தியனோடு (சமயத்துக்கு முந்தைய தொடக்க நம்பிக்கையோடு) சேரும்போது ஃபெய்த் வெள்ளமாக வரும். புரொசெலிடைசர் என்னும் பதவி உயர்வு பெற்ற, சமயத்தைப் பரப்பும் அப்போஸ்தலர் ஒருவர், ஒரு நகரத்தில் வேரூன்றிய பிற சமயத்தின் பெரும்பகுதியை ஒரே முறையில் அகற்றிவிடுவார். அத்தகையவரைச் சாதாரண ஊர்களில் செலவிடாமல், எதிரியின் புனித நகரத்துக்காகக் காத்து வையுங்கள்.

பண்பாட்டு வெற்றியில் உங்கள் நாட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள், மற்ற ஒவ்வோர் அரசின் உள்நாட்டுப் பயணிகளையும்விட அதிகமாக இருக்க வேண்டும். எனவே பண்பாட்டில் மிக வலுவான ஓர் அரசைத் தாண்டினாலே போதும்; மற்றவை தாமாகப் பின்தங்கிவிடும். அந்த ஓர் அரசோடு வணிகப் பாதை வைத்திருந்தால் சுற்றுலா ஈர்ப்பு 25 சதவீதம் கூடும், எல்லை திறந்திருந்தால் இன்னொரு 25 சதவீதம் கூடும். ஃபெய்த் புள்ளிகளைச் சேமித்து வைத்து, கோல்டு வார் குடிமையியல் வந்ததும் ராக் இசைக்குழுக்களை அந்த நாட்டுக்கு அனுப்பினால் கடைசி முப்பது சுற்றுகள் பத்தாகச் சுருங்கிவிடலாம்.

அரசுறவு வெற்றியை நான் பரிந்துரைக்கவில்லை. அதற்கு 20 புள்ளிகள் வேண்டும். அவற்றைப் பெரும்பாலும் வழங்கும் உலகப் பேரவையோ மத்திய யுகத்தில் தொடங்கி 30 சுற்றுகளுக்கு ஒருமுறைதான் கூடுகிறது. நீங்கள் எவ்வளவு திறமையாக ஆடினாலும் அந்த நாள்காட்டியை முந்த முடியாது. மதிப்பெண் வெற்றி 500ஆம் சுற்றில்தான் வரும் என்பதால் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் 50ஆம் சுற்றுக்குள் தேர்ந்தெடுங்கள். பாதி அறிவியல், பாதி பண்பாடு என்று நடப்பவர் இரண்டிலும் தாமதமாகவே சேருகிறார். ஒரு கட்டடத்தைத் தொடங்குமுன் அது நீங்கள் தேர்ந்தெடுத்த வெற்றியை ஒரு சுற்றாவது முன்னுக்குக் கொண்டுவருமா என்று கேட்டுப் பாருங்கள். கொண்டுவராது என்றால் அதைக் கட்டாதீர்கள்.

கேள்வி: போர் தொடுத்தால் முதல் நகரத்தைப் பிடிப்பதற்குள் முப்பது சுற்றுகள் போய்விடுகின்றன. மதில்களுக்கு முன்னால் என் வாள் வீரர்கள் மடிகிறார்கள். பிடித்த நகரமும் சில சுற்றுகளில் கலகம் செய்து பிரிந்துபோகிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஸ்ரீராமபுரம்

மூன்று வேறு சிக்கல்களை எழுதியிருக்கிறீர்கள், ஐயா.

முதலாவது, காலம். மதில் எழுவதற்கு முன்னால் போவதற்கும் எழுந்த பின்னால் போவதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. சுமேரியாவின் போர்த் தேர், நூபியாவின் பிட்டாட்டி வில்லாளர், ஆஸ்டெக்கின் கழுகு வீரர் ஆகியோர் முதல் நாற்பது சுற்றுகளிலேயே அண்டை நாட்டின் தலைநகரைப் பிடிக்கக்கூடியவர்கள். அந்த வாய்ப்புக் கடந்துவிட்டால் அரைகுறைப் படையோடு போகாமல், அடுத்த வாய்ப்புவரை காத்திருங்கள். மலிவான வில்லாளர்களை முன்கூட்டியே சேர்த்து, பொன்னைச் சேமித்து, மெஷினரி வந்த சுற்றில் புரொஃபெஷனல் ஆர்மி அட்டையைப் பொருத்தி எல்லாரையும் ஒரே நேரத்தில் குறுக்குவில் வீரர்களாக மாற்றுங்கள். அந்த அட்டை மாற்றும் செலவைப் பாதியாக்குகிறது. எதிரி இன்னும் பழைய படையோடு நிற்கும் பதினைந்து, இருபது சுற்றுகளில் இரண்டு, மூன்று நகரங்கள் விழும்.

இரண்டாவது, மதில். வாள் வீரர் மதிலை மோதினால் மிகச் சிறிய சேதமே ஏற்படும். பேட்டரிங் ராம் (மதிலை இடிக்கும் பொறி) ஒன்று நகரத்தை ஒட்டிய கட்டத்தில் நின்றால், அந்த நகரத்தைத் தாக்கும் உங்கள் காலாட்படை அனைத்துக்கும் பழங்கால மதிலின்மேல் முழு வலிமை கிடைக்கும். ஒரு ராம் போதும். படை ஒவ்வொன்றுக்கும் ஒன்று தேவையில்லை. நகரத்தைச் சுற்றிலும் உங்கள் படைகளின் கட்டுப்பாட்டு எல்லையால் வளைத்துவிட்டால், அது சுற்றுக்குச் சுற்று தன் காயத்தை ஆற்றிக்கொள்ளாது. ஆறு கட்டங்களிலும் ஆள் நிறுத்த வேண்டியதில்லை. எதிரெதிரான இரண்டு, மூன்று கட்டங்களில் சரியாக நின்றாலே பெரும்பாலும் வளையம் முழுமையாகும். உங்கள் முப்பது சுற்றுகளில் பாதியை இந்த ஒரு கவனக்குறைவு விழுங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, விசுவாசம். எதிரி நாட்டின் நடுவில் ஒற்றை நகரத்தைப் பிடித்தால் சுற்றியுள்ள நகரங்களின் மக்கள்தொகை அதை இழுத்துக்கொள்ளும். ஆளுநர் ஒருவரை அமர்த்தினால் சுற்றுக்கு 8 விசுவாசப் புள்ளிகள் கிடைக்கும். மற்ற ஆளுநர்கள் பதவியேற்க 5 சுற்றுகள் எடுக்கும் இடத்தில் விக்டருக்கு 3 போதும் என்பதால், படையோடு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியவர் அவரே. ஆனால் இதைவிடச் சிறந்த மருந்து, பக்கத்து நகரத்தையும் விரைந்து பிடிப்பதுதான். இழுப்பதற்கு அருகில் எதிரியின் ஊர் இல்லையென்றால் கலகமும் இல்லை. படையெடுப்பு வெற்றிக்குத் தேவையானவை ஒவ்வோர் அரசின் முதல் தலைநகரங்கள் மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள். வழியில் இல்லாத சிற்றூர்களை விட்டுவிட்டு நேராகத் தலைநகரை நோக்கிச் செல்லுங்கள்.

இந்தியாவாக ஆட விரும்பினால் சந்திரகுப்தரைத் தேர்ந்தெடுங்கள். மிலிட்டரி டிரெயினிங் குடிமையியலுக்குப் பிறகு அவர் அறிவிக்கும் எல்லை விரிவாக்கப் போரில், முதல் பத்துச் சுற்றுகளுக்குப் படைகளின் நகர்வு 2, வலிமை 5 என்று கூடுகிறது. படை முழுவதும் எல்லையில் வந்து சேர்ந்த பிறகே போரை அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டுப் படையை நடத்தினால் அந்தப் பத்துச் சுற்றுகள் வழியிலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: விண்வெளித் திட்டத்துக்கு வந்துவிட்டால் வெற்றி உறுதி, ஆனால் அதன் பிறகே நெடுநேரம் போகிறது. வெளிக்கோள் பயணம் புறப்பட்ட பின்னும் 50 சுற்றுகள் வெறுமனே "அடுத்த சுற்று" பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறேன். இதைக் குறைக்க வழி உண்டா?
– ஆய்வு மாணவர், யஷ்வந்த்பூர்

உண்டு, அறிவியல் வெற்றியில் பலரும் கவனிக்காத பகுதி இது. செயற்கைக்கோள் ஏவுதல், நிலவில் இறங்குதல், செவ்வாய்க் குடியேற்றம், வெளிக்கோள் பயணம் என நான்கு படிகள். கடைசிக் கலம் 50 ஒளியாண்டுத் தொலைவைக் கடக்க வேண்டும். சுற்றுக்கு ஒரு ஒளியாண்டு என்பது அதன் இயல்பு வேகம். லக்ராஞ்ச் லேசர் நிலையம், தரை லேசர் நிலையம் என்ற இரண்டு திட்டங்களில் ஒவ்வொன்றை முடிக்கும்போதும் வேகம் சுற்றுக்கு ஒரு ஒளியாண்டு கூடும். நான்கு நிலையங்கள் முடிந்தால் வேகம் ஐந்தாகும், பயணம் பத்துச் சுற்றுகளில் முடியும். ஒன்பது முடிந்தால் ஐந்தே சுற்றுகள். இவற்றுக்கான ஆஃப்வேர்ல்டு மிஷன் தொழில்நுட்பத்தை, கலம் புறப்படும் நேரத்திலாவது கையில் வைத்திருக்க வேண்டும்.

இதை விரைவுபடுத்துவது ஸ்பேஸ்போர்ட் என்னும் ஏவுதள டிஸ்ட்ரிக்டுகளின் எண்ணிக்கை. ஒரே ஒன்றைக் கட்டி எல்லாவற்றையும் அங்கேயே வரிசையில் செய்வதால்தான் பலரும் காத்திருக்கிறார்கள். லேசர் திட்டங்களைப் பல நகரங்களில் ஒரே நேரத்தில் செய்யலாம் என்பதால், ராக்கெட்ரி வந்ததும் உற்பத்தி மிகுந்த மூன்று நகரங்களைத் தேர்ந்தெடுத்து மூன்றிலும் ஸ்பேஸ்போர்ட் எழுப்புங்கள். அதற்குச் சமதளக் கட்டம் வேண்டும் என்பதால் 150ஆம் சுற்றிலேயே அந்த இடத்தை ஒதுக்கி வைப்பது நல்லது. அந்த நகரங்களின் காடுகளை முன்பே வெட்டிவிடாதீர்கள். வெட்டும்போது கிடைக்கும் உற்பத்தி ஆட்டம் முன்னேற முன்னேறப் பெருகுகிறது. மேக்னஸ் அங்கே இருந்தால் மேலும் 50 சதவீதம் கூடுகிறது. கடைசிக் கட்டத்தில் நான்கு காடுகள் ஒரு திட்டத்தைப் பல சுற்றுகள் முன்னுக்குத் தள்ளிவிடும்.

ராயல் சொசைட்டி கட்டடம் இருந்தால் பில்டர்களும் இதில் உதவுவார்கள். ஒவ்வொரு முறைக்கும் திட்டத்தின் 2 சதவீதம் நிறைவேறும். செர்ஃப்டத்தின் வழிவந்த அட்டைகளோடு பில்டர்களை முன்கூட்டியே சேர்த்து வைப்பவர்கள் இதனால் மிகவும் பயன் பெறுகிறார்கள். பெரும் அறிவியலாளர்களில் கார்ல் சேகன் ஒருவரே விண்வெளித் திட்டத்துக்கு 3000 உற்பத்தியைத் தருகிறார். அவரை எதிர் அரசு அழைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள, அந்தக் காலத்தில் பொன்னையும் ஃபெய்த்தையும் கையிருப்பில் வைத்திருங்கள். எதிரி ஒற்றர்கள் ஸ்பேஸ்போர்ட்டைச் சேதப்படுத்தினால் மேலே சொன்ன எல்லாம் தடைப்படும். உங்கள் ஒற்றர்களை அயல்நாட்டில் பொன் திருட அனுப்பாமல் அந்தக் கட்டங்களில் காவலுக்கு நிறுத்துங்கள்.

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன் விடுமுறை நாளில் காலையில் தொடங்கினால் இரவு வரை ஒரே ஆட்டத்தில் இருக்கிறான். தடுக்க எனக்கு விருப்பமில்லை. அவன் வரலாறு படிப்பதே இதனால்தான். ஓர் ஆட்டம் சில மணி நேரத்தில் முடியுமாறு அமைக்க முடியுமா?
– ஒரு தாய், மாகடி சாலை

தாராளமாக முடியும், அம்மா. ஆட்டத்தைத் தொடங்கும் திரையில் வேகத்தை ஆன்லைன் என்று மாற்றச் சொல்லுங்கள். ஸ்டாண்டர்டு வேகத்தில் 500 சுற்றுகள் உள்ள ஆட்டம் இதில் 250 சுற்றுகளோடு முடிந்துவிடும். இணைய இணைப்பு இல்லாமல் தனியாக ஆடும்போதும் இந்த வேகம் கிடைக்கும். வரைபடத்தை டூயல் அல்லது டைனி என்று வைத்தால் கணினி தன் முறைக்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் வெகுவாகக் குறையும். அமைப்புகளில் விரைவு நகர்வு, விரைவுப் போர் என்ற இரண்டையும் இயக்கிவிட்டால் அசைவுக் காட்சிகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்தச் சுற்றிலும் சேமித்துவிட்டு எழுந்து போகலாம் என்பதால், சாப்பிடக் கூப்பிடும்போது "இன்னும் ஒரு சுற்று" என்பதை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை.

கேள்வி: ஏழாம் பதிப்பில் சோழர்கள் இருக்கிறார்களாமே? இந்த உத்திகள் அதற்கும் பொருந்துமா?
– அச்சக உரிமையாளர், சிவாஜிநகர்

இருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் வெளியான சிவிலைசேஷன் 7இல் ஆட்டம் தொன்மை, தேடல், நவீனம் என மூன்று யுகங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு யுகத்திலும் வேறொரு நாகரிகத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையோடு அது வந்தது. சோழர்கள் இரண்டாவதான தேடல் யுகத்துக்குரியவர்கள். முதல் யுகத்தில் மௌரியராகவும், மூன்றாம் யுகத்தில் முகலாயராகவும் ஆடலாம். கடல் கடந்து வணிகமும் படையும் நடத்திய ஓர் அரசுக்குப் பொருத்தமான இடத்தையே கொடுத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

உத்திகளில் ஒரு பகுதியே பொருந்தும். தொடக்கத்தில் விரைந்து பரவுவது அங்கும் பலன் தருகிறது. ஆனால் குடியிருப்புகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள், அதை மிஞ்சினால் மகிழ்ச்சி குறைகிறது. யுகம் மாறும்போது பல கணக்குகள் புதிதாகத் தொடங்குவதால், ஆறாம் பதிப்பில் போல முதல் நூறு சுற்றின் முன்னிலை கடைசிவரை அப்படியே பெருகிக்கொண்டு போவதில்லை. ஒவ்வொரு யுகத்தின் இறுதிக்குள்ளும் அந்த யுகத்துக்குரிய இலக்குகளை முடித்து, அடுத்த யுகத்துக்கான பயன்களைச் சேர்ப்பதே அங்கே வேகத்துக்கு வழி. சோழர்களோடு ஆடுவதாக இருந்தால் தொன்மை யுகத்திலேயே கடலோரத்தில் இரண்டு, மூன்று ஊர்களை அமைத்து வையுங்கள். தேடல் யுகம் தொடங்கிய பிறகு துறைமுகத்துக்கு இடம் தேடுகிறவர், அக்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் நல்ல தீவுகளில் மற்றவர்கள் குடியேறியிருப்பார்கள்.